உடைந்த வளையல்களின் ராஜ்ஜியம்

சண்டிகர் நகரம் தூக்கி எறிந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு சிற்ப உலகத்தை எழுப்பினார் ஒரு சாலை ஆய்வாளர். அவர் இல்லாத நாட்களில் அதைக் காப்பாற்றுவது, கட்டியதைவிடக் கடினமாகிவிட்டது.

நுழையும்போதே குனிய வேண்டியிருக்கிறது. சண்டிகர் ராக் கார்டனில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும் வாசல்கள் பலவும் வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டப்பட்டவை. அமைச்சரானாலும் சரி, குழந்தையைத் தோளில் சுமந்து வரும் தகப்பனானாலும் சரி, முதுகை வளைத்துத்தான் ஆக வேண்டும். நிமிர்ந்தால் எதிரே சரிவு முழுக்கப் பெண்கள். கொலுப்படியில் வைத்த மாதிரி வரிசை வரிசையாக நிற்கிறார்கள். உடம்பு சிமெண்ட், உடுத்தியிருப்பது முழுக்க முழுக்க உடைந்த கண்ணாடி வளையல். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொரு துண்டும் பிறை வடிவில் பதிந்திருக்கிறது. வெயில் சாயும்போது அந்தப் பாவாடைகள் லேசாக அசைவது போலத் தோன்றும்.

அடுத்த திருப்பத்தில் குரங்குகள். அதற்கடுத்து வாத்துகள், மயில்கள், வாத்தியக்காரர்கள். எல்லாமே யாரோ வேண்டாம் என்று எறிந்த பொருட்கள். குளியலறைப் பீங்கான், டீக்கோப்பை, மின்சாரப் பிளக், டியூப்லைட், சைக்கிள் சட்டம், பட்டறையில் இரும்பு உருக்கியபின் மிஞ்சிய கிட்டம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் இந்தக் குப்பைக்கு நடுவே அருவி கொட்டுகிறது. மரவேர்கள் சுவரைப் பிளந்து இறங்குகின்றன. அவற்றில் எது நிஜமான வேர், எது சிமெண்டில் செய்த வேர் என்று கண்டுபிடிக்கச் சில இடங்களில் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைச் செய்தவர் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. நேக் சந்த் சைனி, 1924-ல் இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கட் வட்டாரத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரை விட்டு இந்தப் பக்கம் வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். 1950-களின் தொடக்கத்தில் சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. அப்போது அந்த நகரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. லாகூரை இழந்த பஞ்சாபுக்கு ஒரு புதிய தலைநகரம் வேண்டும் என்று நேரு விரும்ப, பிரான்சிலிருந்து லெ கார்பூசியே வந்து கோடு போட்டார். செக்டர் செக்டராக, நேர்கோட்டில், ஒழுங்காக.

ஒழுங்குக்கும் ஒரு விலை உண்டு. நகரத்துக்கு இடம் கொடுப்பதற்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டன. வீடுகள் போயின. அவற்றோடு குடங்கள், ஓடுகள், வளையல்கள், சைக்கிள்கள் எல்லாம் இடிபாட்டுக் குவியலாயின. புதிய கட்டடங்களும் தம் பங்குக்கு உடைந்த ஓட்டையும் பாழான சிமெண்டையும் கொட்டின. சாலை ஆய்வாளருக்கு இந்தக் குவியல்கள் அன்றாடம் கண்ணில் படும் காட்சி. இன்னொருவராக இருந்தால் எத்தனை லாரி என்று கணக்கெழுதிவிட்டுப் போயிருப்பார். தன் ஊரை இழந்து வந்தவருக்கு இன்னொரு ஊரின் இடிபாடு வேறு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் அங்கே சரிவில் நிற்கும் உருவங்களைப் பாருங்கள்: தண்ணீர் சுமக்கும் பெண்கள், மாடுகள், வாத்தியக்காரர்கள். நகரத்து ஆட்கள் குறைவு. அது ஒரு கிராமத்தின் ஜனத்தொகை.

கதை தொடங்குவது சிலையில் அல்ல, கல்லில். 1950-களின் பிற்பகுதியில் நேக் சந்த் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவாலிக் அடிவாரத்து ஓடைகளுக்குப் போகத் தொடங்கினார். சுக்னா ஓடை, காக்கர் ஆறு போன்றவை மழைக்காலத்தில் சீறும். மற்ற மாதங்களில் வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கும். சிவாலிக் இளமையான மலைத்தொடர். மணற்கல்லும் கூழாங்கல்லும் கலந்த அதன் உடம்பை வெள்ளம் எளிதாக அரித்துவிடும். மென்மையான பாகத்தைத் தண்ணீர் தின்றுவிட, கடினமான பாகம் மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சியது சில சமயம் கழுத்து நீட்டிய பறவையாக இருக்கும். சில சமயம் குந்தியிருக்கும் கிழவனாக இருக்கும். அவர் பொறுக்கியது இவற்றைத்தான். ஒரு சைக்கிள் கேரியர் எவ்வளவு சுமக்குமோ அவ்வளவு.

இந்தக் கற்களில் அவர் உளி வைக்கவே இல்லை. பீடம் கட்டி நிறுத்தினார்; எந்தப் பக்கம் பார்வையாளரை நோக்கி இருக்க வேண்டும், எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார், அவ்வளவுதான். தனித்தனியாக எடுத்தால் வெறும் கல். நூறு கல்லைச் சேர்த்து நிறுத்தினால் ஒரு சபை. சுக்ராணி என்ற கற்பனை ராஜ்ஜியத்தின் சபை அது. சிறுவயதில் அம்மாவிடம் கேட்ட ராஜா கதைகளின் மிச்சம்.

சபை கூட்டிய இடம்தான் சிக்கல். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், புதர் மண்டிய ஒரு பள்ளத்தாக்கு. எதையும் கட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட வனநிலம். அரசு ஊழியர் ஒருவர் அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் ஒரு குடிசை போட்டு, இரவு நேரங்களில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்கிறார். சட்டப்படி இதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. அவர் மனைவிக்கும் நெருங்கிய சிலருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. இடையில் சண்டிகரின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த எம்.என். சர்மாவிடம் அவரே போய் விஷயத்தைச் சொன்னதும், அதைப் பார்த்துவிட்டு சர்மா காட்டிக் கொடுக்காமல் இருந்ததும் நல்லகாலம்.

1970-களின் நடுவில் அதிகாரிகளின் பார்வைக்கு வந்தது. பல ஏக்கர் பரப்பில், முற்றம் முற்றமாக, ஆயிரக்கணக்கான உருவங்கள். இடித்துவிட வேண்டும் என்றார்கள் சிலர். விதி அவர்கள் பக்கம் இருந்தது. ஆனால் செய்தி பரவி மக்கள் பார்க்க வரத் தொடங்கிவிட்டார்கள். நகரின் பசுமைத் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த எம்.எஸ். ரந்தாவா ஆதரவாக நின்றார். கடைசியில் நிர்வாகம் இந்திய நிர்வாகங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு காரியத்தைச் செய்தது: குற்றவாளியை அதே இடத்துக்கு அதிகாரியாக நியமித்தது. 1976-ல் பூங்கா திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளம், பதவி, ஐம்பது தொழிலாளர்கள். நகரின் பல இடங்களில் உடைந்த பீங்கானையும் கந்தல் துணியையும் சேகரிக்க மையங்கள் வைக்கப்பட்டன. அதுவரை சைக்கிளில் வந்த குப்பை அதன்பின் லாரியில் வந்தது. 1983-ல் தபால் தலை, 1984-ல் பத்மஸ்ரீ.

சுற்றுலாக் கையேடுகள் இந்த மனிதர் கதையோடு நிறுத்திக்கொள்கின்றன. சிலைகளை அவர் எப்படிச் செய்தார் என்பதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. உண்மையில் பூங்காவின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எலும்புக்கூடு. பழைய சைக்கிள் சட்டம், குழாய், கம்பி, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. சைக்கிளின் முன் கவையைத் தலைகீழாக நட்டால் இரண்டு கால்கள் தயார். அதன் வளைவே நிற்கும் தோரணையைத் தந்துவிடும். இதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த கலவையை அப்பி உடம்பு ஏற்றுவார்கள். கடைசியாக மேற்பூச்சு. மணல் இல்லாத சுத்த சிமெண்டை வழவழப்பாக இழைத்து, அது இறுகுவதற்குள் வளையலோ, பீங்கானோ, கிட்டமோ, மொசைக் சில்லோ பதித்துவிடுவார்கள். முகம் பெரும்பாலும் வெறும் சிமெண்ட்தான். வாய் இருக்கும், கண் இருக்கும், அதற்குமேல் விவரம் கிடையாது. விவரம் எல்லாம் தோலில்.

ஒவ்வொரு கழிவுப் பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. அந்தக் குணத்தை அவர் மாற்றவில்லை, பொருத்தமான உடம்பைத் தேடிக் கொடுத்தார். வளையல் துண்டு மெல்லியது, வளைந்தது. நெருக்கிப் பதித்தால் துணியின் மடிப்பு வரும். அதனால் அது பாவாடையாயிற்று. பீங்கான் தட்டையானது, வழவழப்பானது. ஒன்றன்மேல் ஒன்று சாய்த்தால் இறகு. அதனால் வாத்தும் மயிலும். கிட்டம் கரடுமுரடானது, கறுத்தது, துளைகள் நிறைந்தது, ஒளியை விழுங்கிவிடும். அது மிருகத்தின் ரோமமாயிற்று. வண்ணம் என்று தனியாக எதையும் அவர் பூச வேண்டியிருக்கவில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் பூங்காவை இரண்டாம் முறை சுற்றினால், உருவங்களைவிட அவற்றின் மேற்பரப்புதான் கண்ணை இழுக்கிறது.

சுவர்கள் இன்னொரு பாடம். தார் டிரம்களை அடுக்கிக் கட்டியவை இருக்கின்றன. மின்சாரப் பீங்கான் பொருட்களை ஆயிரக்கணக்கில் பதித்தவை இருக்கின்றன. கோணிச் சாக்கையே அச்சாகக் கொண்டு வார்த்த சுவரில் சணலின் நெசவு அப்படியே பதிந்திருக்கிறது. கைவைத்தால் கல், கண்ணுக்குச் சாக்கு. பள்ளத்தாக்கின் மண்சரிவு போலவே அவை மேடும் பள்ளமுமாக இறங்குவதால், எங்கே நிலம் முடிந்து கட்டடம் தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கார்பூசியேயின் தலைமைச் செயலகமும் சட்டசபையும் உயர்நீதிமன்றமும் நிற்கின்றன. 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. அவையும் பூசப்படாத சிமெண்ட்தான். முட்டுப்பலகையின் மர ரேகைகள் அந்தச் சுவர்களில் பதிந்திருக்க, அதை மறைக்காமல் விட்டவர் கார்பூசியே. கட்டுமானப் பொருள் தன் உண்மையான முகத்தோடு தெரிய வேண்டும் என்பது அவர் சண்டிகருக்கு விட்டுச்சென்ற பிரகடனத்தில் ஒரு விதி. அதே பிரகடனத்தில் இன்னொரு விதி, நகரத்தில் தனிமனிதர் சிலைகள் வைக்கக்கூடாது என்பது. முதல் விதியை யாரும் கற்றுக்கொடுக்காமலேயே நேக் சந்த் கடைப்பிடித்தார். இரண்டாவதை மீறினார் என்று சொல்ல முடியாது. அவர் செய்த ஆயிரக்கணக்கான சிலைகளில் ஒரு தலைவர்கூட இல்லை.

பார்ப்பதற்கு எளிதாகத் தெரிகிறதே என்று ஒருமுறை நானும் செய்து பார்த்தேன். வீட்டு மொட்டை மாடியில், நாலு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து ஒரு கொக்கு. கலவை அப்பியதும் பாரம் தாங்காமல் கழுத்து சாய்ந்தது. கம்பியைச் சுற்றிக் கோழிவலை கட்டி, ஒருநாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்று பக்கத்துக் கட்டடத்துக் கொத்தனார் கரணையை வாங்கிச் செய்து காட்டினார். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, தண்ணீர் குறைவாக. பீங்கான் சில்லைப் பதிக்குமுன் ஊறவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது பூச்சின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஒட்டாமல் நிற்கும். வளையலின் முனையைத் தேய்க்காவிட்டால் கை கிழியும். பதித்து முடித்தபின் ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும். நான் மூன்று நாளில் பொறுமை இழந்து சாக்கை எடுத்துவிட்டேன். ஏப்ரல் வெயிலில் கொக்கின் முதுகு மயிரிழையாக வெடித்து, அந்த மழைக்காலத்திலேயே பாதி இறகு உதிர்ந்தது.

சண்டிகரில் இந்த உதிர்தல் சின்ன விஷயம் அல்ல. வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும். உள்ளே இருப்பது பழைய சைக்கிள் இரும்பு. துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கோடையில் கொளுத்தும் வெயில், குளிர்காலத்தில் பனி, நடுவில் அடைமழை என்று தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. உதிர்ந்த வளையல் துண்டைத் திரும்பப் பதிப்பது சுலபம். ஆனால் எந்தக் கோணத்தில், எவ்வளவு நெருக்கத்தில் என்பது கை அறிந்த விஷயம். எழுதி வைத்த வரைபடம் எதுவும் இல்லாத வேலை இது. ஐம்பது தொழிலாளர்களும் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றதுதான். 2015 ஜூன் 12 அன்று தொண்ணூறு வயதில் நேக் சந்த் இறந்தபோது, நகரம் துக்கம் அனுசரித்தது. திருத்திச் சொல்ல ஆள் இல்லாமல் போனது அதன் பிறகுதான் உறைத்தது.

மழையைவிட மனிதர்களால் வந்த ஆபத்து அதிகம். 1980-களின் கடைசியில் பூங்காவின் ஒரு பகுதியை உயர்நீதிமன்ற வழக்கறிஞர்களின் வாகன நிறுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் பேச்சு வழக்குவரை போயிற்று. 1989-ல் தீர்ப்பு நேக் சந்த் பக்கம் வந்தது. அடுத்த வருடமே முக்கியப் பிரமுகர்களுக்கான சாலை என்று சொல்லிக்கொண்டு புல்டோசர் வந்தது. சண்டிகர்வாசிகள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுக்குப் போயிருந்த நேரத்தில் சிலைகளை யாரோ அடித்து நொறுக்கினார்கள். அதன்பின் பராமரிப்பில் ஆர்வலர்கள் கைகொடுத்தார்கள். வெளிநாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கி மொசைக் பதித்துவிட்டுப் போனார்கள்.

2025 மார்ச்சில் மீண்டும் இயந்திரம் வந்தது. மறுபடியும் உயர்நீதிமன்றம், மறுபடியும் சாலை அகலப்படுத்தல், வாகன நிறுத்தம். இந்த முறை மனிதச் சங்கிலி எட்டவில்லை. பூங்காவின் மூன்றாம் பகுதியை ஒட்டிய சுவரின் ஒரு பாகம் இடிக்கப்பட்டது. கலைஞர்களும் பழைய சண்டிகர்வாசிகளும் கண்டனம் தெரிவித்தார்கள். நிர்வாகத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை: நீதிமன்றத்துக்கு வரும் கார்கள் நிற்க இடம் வேண்டும், நகரம் திட்டமிடப்பட்டபோது எதிர்பார்த்ததைவிடக் கார்கள் பல மடங்கு பெருகிவிட்டன. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் நீள வேண்டிய கை ஏன் இந்தப் பக்கமாகவே நீள்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சிமெண்டும் சாக்கும் சேர்ந்த சுவரைப் பார்க்கும் பொறியாளருக்கு அது இன்னும் வெறும் சுவர்தான் போலிருக்கிறது. கூப்பிடு தூரத்து உலகப் பாரம்பரியத்தில் ஒரு ஜன்னல் சட்டத்தை மாற்றவே ஏகப்பட்ட அனுமதி வேண்டும்.

சண்டிகர்வரை போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கோவைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாவாகப் போகும் பாலக்காட்டு மலம்புழாவில், அணைக்கட்டுத் தோட்டத்தை ஒட்டி ஒரு ராக் கார்டன் இருக்கிறது. அதுவும் நேக் சந்த் செய்ததுதான். அளவில் சிறியது. அணையையும், கானாயி குஞ்ஞிராமனின் பிரம்மாண்டமான யட்சி சிலையையும் பார்க்க வருபவர்களில் பலர் இதைக் கவனிக்காமலே ரோப்கார் வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். உள்ளே போனால் அதே வளையல், அதே ஓடு, அதே கைவேலை. கேரளத்து மழையில் பாசி பிடித்து, சண்டிகரில் பார்க்க முடியாத ஒரு பச்சை அந்தச் சுவர்களில் ஏறியிருக்கிறது.

சண்டிகரில் கூட்டம் எல்லாம் அருவியைச் சுற்றியும், மூன்றாம் பகுதியின் வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்களிலும்தான். கோணல்மாணலாகக் காட்டும் கண்ணாடிகளின் முன்னால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. செல்போனில் படமெடுப்பவர்கள் வளையல் பெண்களைத் தோளில் கைபோட்டு அணைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். வேலி இருப்பதால் தப்பித்தார்கள்.

முதல் பகுதியில் கூட்டம் நிற்பதில்லை. அங்கேதான் அவர் சைக்கிளில் கொண்டுவந்த ஆற்றுக் கற்கள் இருக்கின்றன. சுவருக்குள் சுவராக, சிறு சிறு முற்றங்களில், பீடத்தின்மேல் நிற்கின்றன. பூச்சு இல்லை, உள்ளே இரும்பு இல்லை, உதிர்வதற்கு எதுவும் ஒட்டவைக்கப்படவில்லை. பாறைப் பூங்காவின் பழுதுபார்ப்புப் பட்டியலில் இந்தக் கற்கள் வருவதற்கு அவசியமே ஏற்படாது. மழை பெய்தால் நனைகின்றன, வெயில் வந்தால் காய்கின்றன. அவற்றில் ஒன்று, வாசலிலிருந்து உள்ளே திரும்பியதும் இடது பக்கம், ஒட்டகம் மாதிரியும் தெரிகிறது, முக்காடு போட்ட பாட்டி மாதிரியும் தெரிகிறது.